மூன்று தரம் கூப்பிட்டவள்

சின்னத்தாயக்காவோடு எனக்கு அறிமுகமே சண்டையில்தான். 1956 ஜூன் மாதம். பாளையங்கோட்டையில் டிரெயினிங் முடித்த சூட்டோடு, தாயில்பட்டிக்குத் தெற்கே வண்டிப்பாதையில் மூன்று மைல் தள்ளிக் கிடந்த ஒரு சிற்றூரின் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். ரிஜிஸ்டரில் நாற்பத்திரண்டு பெயர். வகுப்பில் உட்கார்ந்திருந்தது பதினோரு பிள்ளைகள். மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன். “சின்னத்தாயி கூப்பிட்டா, கம்பெனிக்குப் போயிட்டாக டீச்சர்” என்றன பதினொன்றும் ஒரே குரலில்.

யாரோ பிள்ளை பிடிக்கிறவள் என்று நினைத்துக்கொண்டு அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் படையெடுத்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நாக்கு நீளம். இப்போது வயது மட்டும்தான் கூடியிருக்கிறது. அவள் முற்றத்தில் உட்கார்ந்து கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, நேரான முதுகு. “வாங்க டீச்சரம்மா, உக்காருங்க” என்று சாக்கை உதறிப் போட்டாள். நான் உட்காராமலே கால் மணி நேரம் திட்டினேன். பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிற பாவி என்றுகூடச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

“நான் யாரையும் கூட்டிட்டுப் போகலே டீச்சரம்மா. கூப்பிடத்தான் செய்யிறேன். நாளைக்கு வேண்டாம்னு சாயங்காலமே ஒரு சொல் சொல்லிட்டா, அந்த வாசல்ல நான் நிக்கவே மாட்டேன். உங்க பிள்ளைகள வந்து வேண்டாம்னு சொல்லச் சொல்லுங்க” என்றாள்.

பதில் வராவிட்டால் எனக்குக் கோபம் இரட்டிப்பாகும். அவள் வீட்டுப் படலை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். அது பழைய படல், கையோடு வந்துவிட்டது.

அவள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மழை பொய்த்துப் பொய்த்துக் கூலிவேலைக்கே வழியில்லாமல் போன காலத்தில், 1952-இல், ஊரிலிருந்து இரண்டு மைல் தூரத்தில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி வந்தது. பெண்கள் கூட்டமாகச் சேர்ந்துதான் ஓடையைத் தாண்டிப் போகவேண்டும். ஐந்து மணிக்குக் கிளம்பினால்தான் சரியாக இருக்கும். ஆனால் ஊரில் ஒரு வீட்டிலும் கடிகாரம் கிடையாது. ஃபோர்மேன் வெள்ளைத்துரை, வீடு வீடாகப் போய் எழுப்பிவிட ஓர் ஆள் வேண்டுமென்று பார்த்து, சின்னத்தாயக்காவைப் பிடித்தார். கம்பெனிச் செலவில் ஒரு டைம்பீஸும் கொடுத்தார். அந்த டைம்பீஸின் மணியை அவள் ஒருநாள்கூட அடிக்கவிட்டதில்லை. அதற்கு முன்பே விழித்து, எட்டி, அதன் தலையை அமுக்கிவிடுவாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை.

அவள் கூப்பிடும் விதம் தனி. எங்கள் பக்கத்தில், இருட்டோடு யாராவது வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே ‘என்ன’ என்று கேட்டுவிடமாட்டார்கள். காத்து கறுப்பு, நமக்குத் தெரிந்தவர்கள் குரலிலேயே வந்து கூப்பிடும் என்பார்கள். ஆனால் அதற்கு ஒரு தரத்துக்கு மேல் கூப்பிட வராது. மூன்றாம் தரமும் பெயர் கேட்டால் மனுசக் குரல்தான். அதனால் சின்னத்தாயக்கா ஒவ்வொரு வாசலிலும் மூன்று தரம் கூப்பிடுவாள். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒரு மூச்சு இடைவெளி. மூன்றும் ஒரே அளவு. மூன்றாவதுக்கு உள்ளேயிருந்து “வாரேன்” என்று சத்தம் வரும். வராவிட்டால் நாலாவது கிடையாது, அடுத்த வாசல். அறுபத்து மூன்று வீடுகள். எல்லாரையும் எழுப்பி அனுப்பிவிட்டு, அவர்களுடைய கைப்பிள்ளைகளைத் தன் முற்றத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வாள். கம்பெனிக்குள் அவள் கால் வைத்ததே இல்லை.

புருஷன் வேலுச்சாமி கிணறு வெட்டும்போது மண் சரிந்து செத்தவர். அன்றைக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்ததும், பந்தலுக்குக் கம்பு எண்ணிக் கொடுத்ததும் அவள்தானாம். ஒரு சொட்டுக் கண்ணீரை ஊர் பார்க்கவில்லை. “கல்லு” என்றார்கள். நான் அதைப் பற்றி ஒருநாள் நேராகவே கேட்டேன். சண்டை போட்டவர்களிடம் எனக்குச் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

“அளுதா அவரு எந்திரிச்சு வரப்போறாரா டீச்சரம்மா? நம்மள நாமதான் புடிச்சு வச்சுக்கிடணும். வேற யாரு புடிப்பாக?” என்றாள்.

எனக்கு அவளைப் பார்த்துப் பொறாமை. கோபம் வந்தால் கரும்பலகை டஸ்டரை வீசுகிறவள் நான். அடுத்த நாள் காலையில் அவள் குரல் தெருவில் போகும்போது, படுத்தபடியே எண்ணிப் பார்ப்பேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஒருநாளும் பிசகியதில்லை.

என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி சண்முகத்தாய் இருந்தாள். அவள் மகள் பொன்னுத்தங்கம். நான் ஊருக்கு வந்தபோது அவளுக்குப் பதினான்கு வயது; பள்ளிக்கூடம் பக்கம் வருவதை நிறுத்தி வெகு நாளாகியிருந்தது. ஆனால் கம்பெனி விட்டு வந்ததும் கைகால் கழுவிவிட்டு என்னிடம் வந்து உட்காருவாள். எழுத்துக்கூட்டிப் படிப்பாள். படிக்கிறதைவிடச் சிரிக்கிறது அதிகம். கட்டைவிரலில் எப்போதும் தீக்குச்சி மருந்து வாடை அடிக்கும். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். அதைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை.

1959 புரட்டாசிக் கடைசி. மழை இறங்கிவிட்டால் மருந்தில் முக்கியெடுத்த குச்சி வெயிலில் காயாது. அதற்குள் ஆர்டரை முடித்தாக வேண்டும் என்று கம்பெனியில் ஒரே அவசரம். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஊர்க் கிணற்றடியில் பொன்னுத்தங்கம் சின்னத்தாயக்காவிடம், “அத்தை, நாளைக்கு என்னையக் கூப்பிடாதீக. தலை பாரமா இருக்கு” என்றாள். “சரி தாயி” என்றாள் அக்கா.

மறுநாள் விடியற்காலையில் சின்னத்தாயக்கா சண்முகத்தாயின் வாசலுக்கு வந்தாள். நின்றாள். பொன்னுத்தங்கத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

இது எனக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் தெரியும். ஆனால் தெரிந்ததை மடியில் கட்டிவைத்துக்கொண்டு உங்களை அலைக்கழிக்க எனக்கு மனசில்லை. ஏழு வருஷம், அறுபத்து மூன்று வாசல். கால் நின்ற இடத்தில் வாய் தானாகப் பெயரைச் சொல்லிவிட்டது. வேறு ஒன்றுமில்லை. பொன்னுத்தங்கம் எழுந்து கூட்டத்தோடு போனாள். “என்னடி, வரலேன்னியே” என்று வழியில் யாரோ கேட்டதற்கு, “அத்தை கூப்பிட்டாக, வந்துட்டேன்” என்றாளாம். பத்து மணி வாக்கில் குச்சி அடைக்கிற கொட்டகையில் தீப்பிடித்தது. மூன்று பேர் வெளியே வரவில்லை. அவர்களில் அவள் ஒருத்தி.

அந்த நாட்களை நான் எழுதப்போவதில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெண்களெல்லாம் சண்முகத்தாய் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். நானும் இருந்தேன். சின்னத்தாயக்கா வெற்றிலைத் தட்டை எடுத்துவைக்கக் குனிந்தாள். அப்போது சண்முகத்தாய், அதுவரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவள், திரும்பாமலே கேட்டாள்.

“முந்தின நாளே எம்மக உங்க கிட்டச் சொல்லிட்டாளாமே மதினி. பெறகு அவளக் கூப்பிட்டது யாரு? எங்காதால கேட்டேன். ஒரே ஒரு தரந்தான் கேட்டுச்சு. உங்க குரலுதான். நீக கூப்பிட்டீகளா?”

சின்னத்தாயக்கா தட்டைக் கீழே வைத்தாள். நிமிர்ந்தாள்.

“நான் கூப்பிடலே” என்றாள்.

வாசலில் நின்று கூப்பிடும் அதே அளவுக் குரல். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அந்தக் குரலை யாரும் சந்தேகப்பட முடியாது. நானும் நம்பினேன். யாரோ ஒரு கிழவி மெல்ல, “ஒரு தரம்னா அதேதான்” என்றாள். அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் ஊருக்கு ஒரு பேய் வந்து சேர்ந்தது.

அதற்குப் பெயரும் வைத்தார்கள், கூப்பாட்டம்மா என்று. சின்னத்தாய் குரலில் கூப்பிடும். கூப்பிட்டுப் போனவள் திரும்பமாட்டாள். ஊர்க் கோடியில் உடைமரத்தடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு வைத்தார்கள். முதல் விளக்கு வைத்தது சண்முகத்தாய். பேய் எது, சின்னத்தாய் எது என்று எப்படித் தெரிவது? ஊர் கூடி அதற்கும் வழி கண்டுபிடித்தது. இனிமேல் அவள் கையில் ஒரு கம்பு வைத்துக்கொண்டு, வாசலில் மூன்று தட்டுத் தட்டிவிட்டுத்தான் பெயரைக் கூப்பிட வேண்டும். பேய்க்குக் கம்பு பிடிக்கத் தெரியாதாம். அவளும் மறுபேச்சில்லாமல் கம்பை வாங்கிக்கொண்டாள். தான் பேயில்லை என்று தினமும் அறுபத்து இரண்டு வாசலில் தட்டித் தட்டிச் சொன்னாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேயாவது பிசாசாவது என்று வகுப்பில் பிரசங்கம் செய்தேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒரு பெண் எழுந்து, “அப்பம் தங்கக்காவக் கூப்பிட்டது யாரு டீச்சர்?” என்றாள். சின்னத்தாய் பொய் சொல்லமாட்டாள். சண்முகத்தாய் பெற்றவள், பொய் சொல்லமாட்டாள். நான் டஸ்டரை எடுத்துக் கரும்பலகையைத் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

மூன்று வருஷத்துக்கு மேல் போனது. அக்காவிடம் வெளிப்பார்வைக்கு ஒரு மாற்றமும் இல்லை. கம்பு தட்டும் சத்தம், பெயர் மூன்று தரம், அடுத்த வாசல். சண்முகத்தாய் வீட்டு வாசலில் மட்டும் ஒன்றும் கேட்காது. ஆனால் காலடிச் சத்தம் அங்கே நிற்கும். ஒரு பெயரை மூன்று தரம் சொல்லும் நேரம் நின்றுவிட்டு அப்புறம் நகரும். படுத்தபடி அதையும் எண்ணிக்கொண்டிருப்பேன். பேயை நம்பாதவள் நான். ஆனாலும் அந்த நேரத்தில் போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொள்வேன்.

1963 தை மாதம். ஒருநாள் விடியற்காலையில் என் வாசலில் கம்பு தட்டியது. என்னை எழுப்ப அவளுக்கு வேலையில்லை. “ஞானதீபம் டீச்சர்” என்று என் பெயரைக் கூப்பிட்டாள். நான் விளக்கைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தேன். அவள் முந்தானையில் எதையோ இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

“டீச்சரம்மா, இப்ப நான் எத்தன தரம் கூப்பிட்டேன்?”

“மூணு தரம் கூப்பிட்டீங்க. ஏன்க்கா?”

“நெசமா மூணா? நல்லா நெனச்சுச் சொல்லுங்க.”

முந்தானையைத் திறந்து காட்டினாள். கூழாங்கற்கள். ஒவ்வொரு தரம் கூப்பிடும்போதும் ஒரு கல்லை இடுப்புப் பையிலிருந்து முந்தானைக்கு மாற்றுவாளாம். மூன்று கல் விழுந்தால்தான் மூன்று தரம் கூப்பிட்டதாக நம்பிக்கை வருமாம். இரண்டு வருஷமாக இப்படி. அன்றைக்குக் கணக்கில் ஒரு கல் குறைந்திருந்தது. எந்த வாசலில் என்று தெரியவில்லை. மறுபடியும் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.

உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்தேன். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். கிணற்றடியில் பொன்னுத்தங்கம் சொன்னது, மறுநாள் வாசலில் நின்றது, கூப்பிட்டது.

“பேரு வெளிய போனதுக்குப் பெறகுதான் நெனப்பே வந்துச்சு. உள்ள இருந்து ‘வாரேன்’னு சத்தம் கேட்டுச்சு. சரி, தலைவலி விட்டுருச்சு போலன்னு போயிட்டேன். மூணு தரம் கூப்பிட்டேன்னுதான் அன்னைக்கு நெனச்சேன். ஆனா சம்முகம் ஒரு தரம்னு சொல்லுறாளே டீச்சரம்மா. பெத்தவ அதுல பொய் சொல்லுவாளா? ராத்திரி பகலா யோசிச்சுப் பாக்கேன். நான் ஒரு தரந்தான் கூப்பிட்டனோ? இல்ல, கூப்பிடவே இல்லையோ? நான் வாயத் தொறக்குறதுக்கு முந்தி அது கூப்பிட்டுருச்சோ?”

“பேய் கிடையாது” என்றேன் நான். எனக்கே என் குரல் சின்னதாகக் கேட்டது.

“பேயி இருந்தா எனக்கு நல்லதுதானே டீச்சரம்மா. எனக்குப் பயம் அது இல்லே. என் வாயி எங்கையில இல்லே. அன்னைக்குக் கூப்பிடக் கூடாதுன்னு இருந்தேன், கூப்பிட்டுருச்சு. காரியத்தன்னைக்கு ‘ஆமா, நாந்தான்’னு சொல்லணும்னுதான் நிமிந்தேன். கூப்பிடலேன்னு சொல்லிருச்சு. நாப்பது வருசமா நம்மள நாம புடிச்சு வச்சிருக்கம்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். எதப் புடிச்சு வச்சிருந்தேன்?”

இதைச் சொல்லும்போதும் அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். நான்தான் அழுதேன்.

அப்புறம் என் புத்தி எனக்கு. சண்முகத்தாயிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுங்கள், பாரம் இறங்கிவிடும் என்று ஆரம்பித்தேன். சின்ன வயதிலிருந்து வேதக்கோயிலில் கேட்டதையெல்லாம் அப்படியே ஒப்பித்தேன். உண்மையைச் சொன்னவர்கள் யாரும் கெட்டுப்போனதில்லை என்றேன். எத்தனை பேரைப் பார்த்துவிட்டு அப்படிச் சொன்னேனோ தெரியாது. அவள் பயந்தாள். “ஊரே என் வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்தும் டீச்சரம்மா. தூத்தட்டும். ஆனா சம்முகம் மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?” என்றாள். நான் விடவில்லை. பார்க்கும்போதெல்லாம் சொன்னேன். பதினான்கு மாதம் சொன்னேன். பேயை ஊரைவிட்டு விரட்டப்போகிறோம் என்ற ஆசை எனக்குள் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அக்காவின் பாரத்தைவிட அது பெரிதாக இருந்ததோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

மீதிக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1966-இல் எனக்கு விருதுநகருக்கு மாற்றல் வந்தது. 68-இல் கம்பெனியில் சங்கு வைத்துவிட்டார்கள். ஊர் முழுக்கக் கேட்கிற சங்கு. அதோடு அக்காவின் வேலை முடிந்தது. பிறகும் பல வருஷம் இருந்தாள். கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். சண்முகத்தாய் படுக்கையில் விழுந்தபோது பக்கத்திலிருந்து கஞ்சி ஊட்டியது அவள்தான் என்று கேள்விப்பட்டேன். சண்முகத்தாய் போன மறு வருஷம் இவளும் போனாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் தனியாகக் கடைசிக்கு வைத்திருக்கிறேன், அதைத் தாண்டி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லாததால்.

1964 பங்குனி. கோயில் ஆராதனை முடிந்து வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், அக்காவைக் கூட்டிக்கொண்டு சண்முகத்தாய் வீட்டுக்குப் போனேன். நல்ல வெயில். மகன் பெத்தணன் வேலையாக ஆனைக்குட்டம் போயிருந்தான். மருமகள் தண்ணீருக்குப் போயிருந்தாள். சண்முகத்தாய் வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். மகள் போன பிறகு அவள் கம்பெனிப் பக்கம் போவதில்லை; வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டிக் கொடுப்பாள். பக்கத்தில் பசைக் கிண்ணம், நீலத்தாள், ஒட்டி முடித்த பெட்டிகளின் குவியல்.

“வாங்க டீச்சரம்மா. வாங்க மதினி. என்ன, ரெண்டு பேரும் சேந்தாப்புல?”

உட்கார்ந்தோம். நான் முழங்கையால் இடித்தேன். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“சம்முகம், அன்னைக்குக் கூப்பிட்டது நாந்தான்.”

சண்முகத்தாயின் கை நிற்கவில்லை. தாளை மடித்தாள். ஓரத்தில் பசை தடவினாள். சுற்றி ஒட்டி, அழுத்தி, பெட்டியைக் குவியலில் வைத்தாள்.

“தெரியும் மதினி” என்றாள்.

நான் அக்காவைப் பார்த்தேன்.

“மூணு தரம் கூப்பிட்டீக. மூணையும் கேட்டேன். வாரேன்னு சத்தம் குடுத்தது நாந்தான். அவ தூங்கிக்கிட்டுக் கெடந்தா.”

அடுத்த தாளை எடுத்தாள். ஆனால் மடிக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தாள்.

“முந்தின ஞாயித்துக்கெளம டாக்கீசுக்குப் போகணும்னு நின்னா. நான் விடலே. அந்தக் கோவத்துல தலைவலின்னு வேசம் போட்டுக் கெடக்கான்னு நெனச்சுட்டேன். ஆர்டரு முடியிற வரைக்கும் வராதவ பெறகு வரவே வேண்டாம்னு வெள்ளத்தொர வேற சொல்லிருந்தாரு. செம்புத் தண்ணிய மூஞ்சியில தெளிச்சேன். ‘யம்மா, ஒடம்பு சுடுது’ன்னா. தொட்டுப் பாக்கலே மதினி. தொட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ‘அத்தை கூப்பிட்டுட்டாக, எந்திரி’ன்னு உங்க பேரச் சொல்லித்தான் எளுப்பி அனுப்புனேன்.”

எனக்குக் கோபம் வந்தது. அந்த இடத்தில் வரக்கூடாத கோபம்தான். “பின்னே ஏன் ஒரு தரம் கேட்டதுன்னு ஊருக்கு நடுவிலே சொன்னீங்க? இவங்க நாலு வருஷமா தூங்கலை, தெரியுமா?” என்றேன்.

சண்முகத்தாய் என்னைப் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்துச் சொன்னாள்.

“மூணு தரம்னு சொன்னா மனுசக் குரலுன்னு நீக மாட்டுவீக. நீக மாட்டுனா, தூங்குனவள எளுப்புனது யாருன்னு எம்மவன் கேப்பான். நீக ‘ஆமா’ன்னு சொல்லிரக் கூடாதேன்னு கொலசாமிய வேண்டிக்கிட்டுத்தான் கேட்டேன். நீக இல்லேன்னு சொன்னீக. அன்னைக்கு ராத்திரிதான் பதினாறு நாளைக்குப் பெறகு கண்ண மூடுனேன். எனக்கு அந்தக் கல்லு வேணும் மதினி. வெள்ளிக்கெளம அங்கன போயி நின்னு, ‘எம்புள்ளையக் கொண்டு போனியே, நீ நாசமாப் போக’ன்னு மண்ண வாரித் தூத்துறதுக்கு ஒரு ஆளு வேணும். அது இல்லேன்னா என்னைத்தான் தூத்திக்கிடணும். தூத்துனா நான் இருக்க மாட்டேன்.”

அக்கா முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருஷமாகப் பிடித்துவைத்திருந்தது இப்போது விடப்போகிறது என்று நினைத்தேன். விடட்டும் என்று ஆசைப்பட்டேன். அழட்டும், இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழட்டும், அதற்குத்தானே வந்தோம் என்று இருந்தது.

“சொல்லிராதீக மதினி. யாரு கேட்டாலும். நான் சாகுற வரைக்கும்” என்றாள் சண்முகத்தாய்.

படலைத் தள்ளிக்கொண்டு மருமகள் வந்தாள். இடுப்பில் குடம். ஆறு மாதக் கர்ப்பிணி, பயந்த சுபாவம். ஊருக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கல் இருக்கும் பக்கமே அவள் போனதில்லை. எங்கள் மூன்று பேரின் முகத்தையும் பார்த்துவிட்டுக் குடத்தை இறக்கி வைத்தாள்.

“என்னத்தை, எல்லாரும் ஒரு மாதிரி இருக்கீக? தங்கம் பேச்சா?” என்றாள். பிறகு தயங்கித் தயங்கிச் சின்னத்தாயக்காவிடம் கேட்டாள். “ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு நெசமாவே நீக கூப்பிடலையா?”

சண்முகத்தாய் கையிலிருந்த தாளைப் பார்த்தபடி இருந்தாள். அக்கா உதடுகளை ஒரு நிமிஷம் அழுத்தி மூடிக்கொண்டாள். திறந்தபோது அது வாசலில் நிற்கும் பழைய குரல்தான்.

“நான் கூப்பிடலே தாயி.”

ஒரு நடுக்கம் இல்லை. இந்தத் தரம் அதை வாய் தானாகச் சொல்லவில்லை. அவள்தான் சொன்னாள்.

மருமகள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். “டீச்சரம்மா பேயே கெடையாதுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லுவாகளாம். இப்ப என்ன சொல்லுறீக டீச்சரம்மா?”

அக்காவும் சண்முகத்தாயும் என்னைப் பார்த்தார்கள். எட்டு வருஷமாக அந்த ஊரில் நான் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது.

“இருக்கும்மா” என்றேன்.